வார்டுக்கு இரண்டு பேர்: சர்க்கரை நோயாளிகளுக்காக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியில் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். எந்தச் சங்கத்தின் சார்பாகவும் இதை எழுதவில்லை. வார்டுகளில் பார்த்ததை வைத்து ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நமது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வார்டுக்கு இரண்டு செவிலியரைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை நோய்ப் பராமரிப்பில் அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் வேறெங்கும் அனுப்பாமல், அதே வார்டில், அதே பதவியில், கூட வேலை பார்க்கிறவர்களுக்கு வழிகாட்டியாக வையுங்கள். அந்த வேலைக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று டூட்டி பட்டியலிலேயே எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் மற்றதைத் தொடங்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சர்க்கரை நோய் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1978-ல் டாக்டர் வி. சேஷையா சென்னை மருத்துவக் கல்லூரியில் தனித் துறையை உருவாக்கினார். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே முடிவெடுத்த மாநிலம் இது. ஆனால் நம் மருத்துவமனையில் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளி அந்தத் துறையின் வார்டில் மட்டும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து எலும்பு சிகிச்சை வார்டில் இருக்கிறார். கால் விரல் கறுத்துப் போய் அறுவை சிகிச்சை வார்டில் இருக்கிறார். கண்புரைக்காகக் காத்திருக்கிறார், காசநோய் வார்டில் இருமிக்கொண்டிருக்கிறார், பிரசவ வார்டில் இருக்கிறார். இவர்கள் வேறு நோய்க்காக வந்தவர்கள். சுகர் கூடவே வந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடந்த தேசியத் தணிக்கைகள் ஏறக்குறைய ஆறில் ஒரு படுக்கையில் சர்க்கரை நோயாளி இருப்பதைக் காட்டின. நம் பொது மருத்துவ வார்டில் காலை ரவுண்ட்ஸ் போகும் யாரைக் கேட்டாலும் இங்கே அதைவிட அதிகம் என்றுதான் சொல்வார்கள். இத்தனை பேரையும் நீரிழிவுத் துறை மருத்துவர்கள் தினமும் பார்ப்பது நடக்காது. கருத்துக் கேட்டு எழுதினால் வந்து பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு இருக்கும் இருபத்து மூன்று சொச்சம் மணி நேரமும் செவிலியர் கையில்தான்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொள்கை வகுப்பவர்கள் பார்க்கும் அறிக்கைகளில் இது வராது.

முதலில் ஊசி. அரசு விநியோகத்தில் வரும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. தனியார் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் பேனா ஊசியின் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் ஒரே வார்டில், சில நேரம் ஒரே நோயாளியின் தலைமாட்டில் இருக்கும். பேனா வேலை செய்யவில்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். அரசுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். முதலாவது ஆளை மயக்கத்தில் தள்ளும். இரண்டாவதில் ‘ஊசி போட்டும் சுகர் குறையவில்லையே’ என்று மறுநாள் அளவைக் கூட்டி எழுதுவார்கள்; அடுத்த ஷிஃப்டில் சரியான சிரிஞ்சு கையில் கிடைத்ததும் அந்தக் கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒரு இளம் செவிலியர் நோயாளியின் மகன் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். பக்கத்து மேசையில் இருந்த சீனியர் எழுந்து வந்து பார்த்து, ‘நில்லும்மா, இது அது இல்லை’ என்றார். அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பெரியவர் தப்பினார். அந்த சீனியருக்கு இந்தக் கணக்கை எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை. அவருடைய சொந்த அப்பாவுக்குச் சுகர் இருந்தது, வீட்டில் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு நோயாளியின் உயிர், அன்றைக்கு டூட்டியில் யார் வீட்டில் யாருக்குச் சுகர் இருக்கிறது என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. சாதாரண ரெகுலர் இன்சுலினும், வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இன்சுலின்கள் சேர்ந்த, நாம் அதிகம் பயன்படுத்தும் 30/70 கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டியவை. காலை ஷிஃப்ட் மாறுவதற்கு முன் எல்லா ஊசியையும் போட்டு முடித்துவிட வேண்டும் என்று நைட் டூட்டி செவிலியர் விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடுவார். ரொட்டியும் பாலும் வருவதற்கு எட்டரை ஆகலாம். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னவருக்கு அதுவும் இல்லை. பதினோரு மணிக்கு அவர் வியர்த்து, உளறி, கட்டிலிலிருந்து விழுந்தால், வீழ்ச்சி என்றுதான் பதிவாகும். சர்க்கரை குறைந்து விழுந்தார் என்று எங்கும் பதிவாகாது.

சர்க்கரை குறைவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வார்டுகளில் 400 என்று மீட்டர் காட்டினால் எல்லோரும் ஓடுகிறோம், 58 என்று காட்டினால் ஓடுவது குறைவு. 70-க்குக் கீழே வந்தாலே சிகிச்சை தொடங்க வேண்டும். விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். பிஸ்கட்டும் பாலும் அதற்குப் பிறகுதான். அவை மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், போக வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிற, சிறுநீரகம் பழுதான முதியவராக இருந்தால் ஒரு முறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது கண் வைத்திருக்க வேண்டும். ‘டெக்ஸ்ட்ரோஸ் போட்டோம், எழுந்து பேசிவிட்டார், வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்’ என்று முடிகிற கதைகளில் சில, அன்று இரவே வேறு விதமாக முடிந்திருக்கின்றன.

இதில் எதுவும் பெரிய படிப்பு வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் நள்ளிரவில், நாற்பது படுக்கைக்கு ஒருவராக நிற்கும்போது, நினைவில் தயாராக இருக்க வேண்டிய விஷயம். அந்தத் தயார்நிலை எப்படி வருகிறது?

இப்போது நாம் செய்வது ஒரு நாள் பயிற்சி. மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்ட அரங்கு, காலை பத்து மணிக்குப் பதிவு, திரையில் படங்கள், தேநீர், நான்கு மணிக்குச் சான்றிதழ். அன்றைக்கு யாரை வார்டிலிருந்து விடுவிக்க முடிகிறதோ அவரே போகிறார். போனவர் நல்ல மனதோடு கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்புவார். அடுத்த மாதம் அவருக்குப் பிரசவ அறையில் டூட்டி போட்டிருப்பார்கள். குறிப்பு அவர் பையில் இருக்கும். இந்தப் பயிற்சிகளை நடத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் அருமையான ஆசிரியர்கள். ஆனால் இன்சுலினை உருட்டிக் கலக்குவதையும், கலங்கலில்லாத குப்பியிலிருந்து முதலில் எடுத்துக் கலங்கலை அப்புறம் எடுப்பதையும், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாகிப்போன தோலை விரலால் தடவிக் கண்டுபிடிப்பதையும் அரங்கில் உட்கார்ந்து கற்க முடியாது.

செவிலியர்கள் செவிலியர்களிடம்தான் கற்கிறோம். பணி மாற்றும்போது படுக்கைக்குப் படுக்கை நடந்து சொல்லும் அந்த அரை மணி நேரத்தில் கற்கிறோம். இரவு இரண்டு மணிக்கு ‘அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று கூப்பிடும்போது கற்கிறோம். கொரோனா காலத்தில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதையும், பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசையையும் பலர் எப்படிக் கற்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முந்தைய ஷிஃப்டில் இருந்தவர் அடுத்த ஷிஃப்டுக்குக் காட்டிக்கொடுத்தார். அதே காலத்தில்தான், ஸ்டீராய்டு போட்டவர்களின் சர்க்கரை காலையில் ஒழுங்காக இருந்து மதியத்துக்கு மேல் ஏறுகிறது, வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பதும் வார்டுகளில் வாய்மொழியாகப் பரவியது. 2021 கோடையில் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் தாடையையும் எடுத்த நோயாளிகளில் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு இருந்தவர்கள்தான் மிக அதிகம். அந்தப் பாடம் எல்லா வார்டுக்கும் கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இந்தக் கற்றலுக்கு நடுவில் சரியாகத் தெரிந்த ஒருவரை வையுங்கள் என்பதுதான். கூப்பிடுகிற ‘அக்கா’வுக்குச் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. இன்சுலின் வந்த புதிதில், 1920-களிலேயே, அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் எலியட் ஜாஸ்லின் செவிலியர்களைப் பயிற்றுவித்து நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க அனுப்பினார். மருத்துவமனை வார்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்புச் செவிலியரை வைத்து, சர்க்கரை நோய்ச் சிறப்புச் செவிலியரோடு இணைக்கும் வழக்கம் பிரிட்டனில் நெடுநாளாக உண்டு. பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் வட கர்நாடகத்தைப் பாருங்கள். பல்லாரி, குல்பர்கா மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்கு, அனுபவமுள்ள செவிலியர்களையே வழிகாட்டிகளாக அனுப்பி, வேலை செய்யும் இடத்திலேயே கூட நின்று கற்றுக்கொடுத்தார்கள். பீகாரிலும் பெரிய அளவில் அதைச் செய்தார்கள். தாய்சேய் நலத்தில் இந்தியாவுக்குப் பழக்கமான முறை இது. சர்க்கரை நோய்க்கு மட்டும் ஏன் இன்னும் அரங்குப் பயிற்சியோடு நிற்கிறோம்?

நம் மாநிலத்திலும் முன்மாதிரி இருக்கிறது. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், காசநோய் உறுதியானவுடன் எடை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது போன்ற சிலவற்றை முன்களப் பணியாளர்களே பார்த்து, ஆபத்தானவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். ஆய்வகத்துக்கு எழுதிக் காத்திருப்பதில்லை. எளிமையான ஒரு அளவுகோலைக் கொடுத்து, அதை நம்பிச் செயல்படும் அதிகாரத்தையும் கொடுத்தால் நம் பணியாளர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அது சாட்சி.

எல்லாவற்றையும் மந்திரம்போல் மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் ஊர்க்காரர்களையே வழிகாட்டிகளாக்கி, சர்க்கரை நோய் வராமல் தடுக்க முயன்ற ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2018-ல் வந்தன. மக்கள் பழக்கவழக்கங்களில் நல்ல மாற்றங்கள் தெரிந்தன. ஆனால் புதிதாக நோய் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சக மனிதர் சொல்லிக்கொடுப்பது எதை மாற்றும், எதை மாற்றாது என்பதை நேர்மையாக அளந்து பார்த்த ஆய்வு அது. நாமும் அப்படி அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு வார்டில் ஊசிக்கும் உணவுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது, ஒரு ஊரின் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவதைவிடச் சிறிய வேலை, கைக்கு எட்டுகிற வேலை.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? பணி மூப்புப் பட்டியலை எடுத்து மேலிருந்து இரண்டு பெயரைக் குறிக்க வேண்டாம். அந்த வார்டின் செவிலியர்களையே கேளுங்கள்: ‘சந்தேகம் வந்தால் யாரிடம் போவீர்கள்?’ எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்றோ இரண்டோ இருக்கும். பெரும்பாலும் பொறுமைசாலி, கேள்வி கேட்டவரை மற்றவர் முன்னால் சிறுமைப்படுத்தாதவர். அவர் தொகுப்பூதியச் செவிலியராக இருந்தாலும் அவரையே எடுங்கள். 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்கு வந்து சேர்ந்த பலர் இன்றைக்கு வார்டுகளின் முதுகெலும்பாக இருக்கிறார்கள். நிரந்தரப் பணியாளர் மட்டும் என்று விதி போட்டால் நல்லவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகும். அவர்களுடைய பணி நிரந்தரக் கோரிக்கை வேறொரு நீண்ட கடிதத்துக்கு உரியது; ஆனால் கூடுதல் பொறுப்பைக் கொடுக்கிறவர்கள் அதை மறந்துவிட முடியாது.

பயிற்சியை நீரிழிவுத் துறை உள்ள மருத்துவக் கல்லூரிகளிலேயே நடத்தலாம். இரண்டு வாரமாவது அந்தத் துறையின் வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் கால் புண் சிகிச்சையிலும் கூட நிற்க வேண்டும். தன் கையாலேயே நூறு பேருக்குப் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்துப் பாத உணர்ச்சியைச் சோதித்த செவிலியர், அப்புறம் எந்த வார்டிலும் போர்வையை விலக்கிக் காலைப் பார்க்காமல் போக மாட்டார். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளி அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி இருந்தாலும், நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது என்பதை, இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மூச்சிரைக்கும் ஒரு பிள்ளையை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இன்னொன்றும் பயிற்சியில் வேண்டும்: மருத்துவரிடம் பேசுவது. மீட்டரில் வரும் எண்ணைப் பார்த்து அந்தந்த வேளைக்கு ஊசி போடும் முறை மட்டுமே பல வார்டுகளில் நாள்கணக்கில் ஓடுகிறது. அடிப்படை இன்சுலினும் உணவு வேளை இன்சுலினும் சேர்த்துக் கொடுத்தால் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படுகிறது என்பது 2007-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்விலேயே தெளிவானது. அந்த ஆய்வில் அப்படிச் சேர்த்துப் பெற்றவர்களில் சர்க்கரை இலக்கை எட்டியவர்கள் 66 சதவீதம். எண்ணைப் பார்த்து ஊசி போட்டவர்களில் 38 சதவீதம்தான். மருந்தை மாற்றும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை, இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் ‘டாக்டர், மூன்று நாளாக 280-க்குக் கீழே வரவில்லை, அடிப்படை இன்சுலின் எழுதலாமா?’ என்று ரவுண்ட்ஸில் மூன்று நாள் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். நல்ல ஹவுஸ் சர்ஜன்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் அதை வரவேற்பதைப் பார்த்திருக்கிறேன். துறைத் தலைவர்கள் இதை வெளிப்படையாக ஆதரித்தால் மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் செவிலியருக்கு எழுத்துபூர்வமான அதிகாரம் வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால், மருத்துவருக்குத் தகவல் சொல்லும் அதே நேரத்தில், உத்தரவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற நிலையான உத்தரவு. ஒவ்வொரு வார்டிலும் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், சிரிஞ்சு, கேனுலா, மீட்டர், ஸ்ட்ரிப் எல்லாம் ஒன்றாக ஒரு பெட்டியில் இருக்க வேண்டும், பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது. ஸ்ட்ரிப் தீர்ந்துபோய்ப் பக்கத்து வார்டில் கடன் வாங்கும் நிலைமையை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

வழிகாட்டிச் செவிலியர் அதிகாரி ஆகிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்து, யார் எப்போது தப்பு செய்தார்கள் என்று எழுதி மேலே அனுப்பச் சொன்னால், அன்றோடு யாரும் அவரிடம் சந்தேகம் கேட்க வர மாட்டார்கள். நம் மருத்துவமனைகளில் மெமோ என்ற சொல்லுக்கு இருக்கும் பயம் உங்களுக்குத் தெரியும். ஊசி அளவு மாறிப்போனால் அதைச் சொல்வதைவிட மறைப்பது பாதுகாப்பு என்று ஒரு இருபத்து மூன்று வயதுப் பெண் நினைக்கும் நிலைமையை அந்தப் பயம் உண்டாக்கியிருக்கிறது. அவர் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் நோயாளியைக் காப்பாற்றியிருக்கலாம். எனவே, வழிகாட்டியிடம் தானாக வந்து சொல்லும் தவறுகளுக்கு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று இயக்ககமே எழுத்தில் உறுதி தர வேண்டும். எனக்கு இது இந்தத் திட்டத்தின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட முக்கியமாகப் படுகிறது.

பிறகு, வீட்டுக்கு அனுப்பும் நேரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இன்சுலின் 20-0-12’ என்று இருக்கும். அந்தத் தாள் போவது யாரிடம்? ஆறாம் வகுப்போடு நின்ற மருமகளிடம், அல்லது கண் சரியாகத் தெரியாத கணவரிடம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. குப்பியை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் ஒரு சின்னப் பானை வைத்து அதில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். திறந்த குப்பியை நான்கு வாரத்தோடு நிறுத்த வேண்டும் என்பதும், குழந்தைகளைப் பார்க்க ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் வெயில் படும் ஜன்னலோரம் பையை வைக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். வழிகாட்டிச் செவிலியர் இருக்கும் வார்டில், ஊசி போடப்போகிறவர் டிஸ்சார்ஜுக்கு முன் தன் கையாலேயே செவிலியர் பார்க்க இரண்டு மூன்று முறையாவது போட்டுக்காட்டியிருக்க வேண்டும். அப்படிப் போட்டுக்காட்டாதவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று வார்டுக்குள் ஒரு வழக்கம் வர வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவரும் தன்னார்வலருக்கு ‘இன்னார் இன்சுலினோடு வருகிறார், வலது காலில் உணர்ச்சி இல்லை, போய்ப் பாருங்கள்’ என்று மருத்துவமனையிலிருந்து ஒரு சேதி போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இப்போது அந்தச் சேதியைச் சொல்ல யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை. வழிகாட்டிச் செவிலியரின் வேலையில் அதையும் சேர்க்கலாம்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன நேரத்துக்கு வருகிறேன். ‘இருக்கிற வேலைக்கே ஆள் இல்லை, இதில் வழிகாட்டி வேறா?’ என்று செவிலியர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்திய செவிலியர் கழகத்தின் அளவுகோல்படி கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர். அந்த அளவை நம் இரவுப் பணியில் நான் பார்த்ததே இல்லை. 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மகிழ்ச்சியான விஷயம். படுக்கைகள் பெருகின, ஒவ்வொரு படுக்கைக்கும் உரிய செவிலியர் பணியிடங்கள் அதே வேகத்தில் பெருகவில்லை என்பதை வார்டில் நிற்கிறவர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த நிலையில், வழிகாட்டி வேலையைச் சம்பளமும் நேரமும் இல்லாத கூடுதல் சுமையாக ஏற்றினால் மூன்று மாதத்தில் அது ஒரு பேட்ஜாகவும் ஒரு புகைப்படமாகவும் சுருங்கிவிடும். வாரத்துக்கு ஆறு மணி நேரமாவது, நோயாளிகள் ஒதுக்கீடு இல்லாமல், சகாக்களோடு படுக்கையருகில் நின்று வேலை செய்ய அவருக்கு வேண்டும். அந்த ஆறு மணி நேரத்துக்கு மாற்று ஆள் போட வேண்டும். அதற்குப் பணம் தேவை, மறைக்கவில்லை. பணம் இல்லையென்றால் எல்லா மருத்துவமனையிலும் பெயருக்குத் தொடங்காமல் ஐந்து மருத்துவமனைகளில் ஒழுங்காகத் தொடங்குங்கள். இரண்டு வருடத்துக்கு அந்தச் செவிலியர்களை வார்டு மாற்றாதீர்கள்.

அளவிடவும் பெரிய மென்பொருள் வேண்டாம். 70-க்குக் கீழே எத்தனை முறை போனது, எத்தனை நிமிடத்தில் சரிசெய்தார்கள், ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் எவ்வளவு இடைவெளி, டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் தானே ஊசி போட்டுக்காட்டிவிட்டுப் போனார்கள். இந்த நான்கையும் வழிகாட்டி இல்லாத வார்டுகளிலும் சேர்த்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று எச்சரிக்கிறேன்: முதல் சில மாதங்களில் சர்க்கரை குறைந்த நிகழ்வுகளின் எண்ணிக்கை கூடும். இதுவரை பதிவாகாதவை பதிவாகத் தொடங்கும். அதைப் பார்த்துத் திட்டம் தோற்றது என்று முடிவு கட்டி யாருக்கும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பிவிடாதீர்கள்.

2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பர் 14 உலக நீரிழிவு நாளின் கருப்பொருளே செவிலியரும் நீரிழிவும் என்பதுதான். கொரோனாவுக்கு நடுவில் அது பேச்சளவில் கடந்துபோனது. அன்றைக்கு விட்டதை இப்போது செய்யலாம்.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது, வரும் நிதியாண்டுக்கான திட்ட வரைவு தயாராகும் முன் ஒரு கூட்டம். அதில் நீரிழிவுத் துறைப் பேராசிரியர்களும் கண்காணிப்பாளர்களும் இருக்கட்டும்; இரவுப் பணி முடித்து வந்த ஸ்டாஃப் நர்ஸ்கள் நான்கைந்து பேரும், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் உட்பட, பேசும் உரிமையோடு உட்கார்ந்திருக்கட்டும். பாடத்திட்டம் எழுதவோ, முதல் வார்டுகளில் கூட நிற்கவோ என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் பலர் தயாராக இருக்கிறோம். எந்த மாவட்டத்துக்கு வரச் சொன்னாலும் வருகிறோம்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்